ஸகாத் கணக்கு எழுத உட்கார்ந்து, நானே ஏழையாகிப்போன கதை

வசதியுள்ள முஸ்லிம்கள் தங்கள் சேமிப்பிலும் சரக்கிலும் வருடத்துக்கு இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டிய கட்டாயக் கொடைதான் ஸகாத். 11 வருடமாக அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அதாவது, கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரமளானின் கடைசிப் பத்து நாள் வந்ததும் மனத்துக்குத் தோன்றுகிற ஒரு தொகையை எடுத்து, சின்னச் சின்ன உறைகளில் பிரித்துப் போட்டு, தேடி வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். கணக்கு எதுவும் கிடையாது. குறைவாகவா கொடுத்திருக்கப் போகிறோம் என்ற தைரியம்தான்.

அந்தத் தைரியத்தை மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவர் ஒரே கேள்வியில் உடைத்தார். "உங்கள் ஸகாத் வருடம் எந்தத் தேதியில் முடிகிறது?"

ரமளானில் என்றேன். அவர் கேட்டது கொடுக்கிற மாதத்தை அல்ல. என் கையிருப்பு முதன்முதலாக நிஸாப் அளவை, அதாவது ஸகாத் கடமையாகிற குறைந்தபட்ச அளவைத் தாண்டிய நாள் எது, அதிலிருந்து சந்திர வருடம் எப்போது முழுமையாகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் பாதகமில்லை, மனம் ஏற்கிற ஒரு நாளை உத்தேசமாக முடிவு செய்து இனி அதை மாற்றாதீர்கள் என்றார். ஷஅபான் 1 என்று வைத்துக்கொண்டேன். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே கணக்கு முடிந்துவிட்டால், கொடுப்பதை அவசரமில்லாமல் யோசிக்கலாம் என்ற எண்ணம். சந்திர வருடத்துக்கு 354 நாள்தான். கடையின் கணக்கு ஆண்டைப் பிடித்துக்கொண்டு 365 நாளுக்குக் கணக்கிடுகிறவர்கள் இரண்டரை சதவீதத்தைச் சுமார் 2.577 ஆக்கிக்கொள்ள வேண்டும். இது கூடவா என்று அப்போது சிரித்தேன். 11 வருடத்தில் அந்த 11 நாள்கள் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ரொக்கம், வங்கி இருப்பு, கடைச் சரக்கு, வரவேண்டிய பாக்கி. சரக்குக்கு வாங்கிய விலை அல்ல, அன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அலமாரி, தராசு, வண்டி, குடியிருக்கிற வீடு எதற்கும் ஸகாத் இல்லை. இதுவரை சுலபம்.

நகையில் முதல் தடுமாற்றம். மனைவியின் நகையை என் பக்கத்தில் எழுதப் போனேன். "அது என் சொத்து, அதன் கணக்கும் என்னுடையது" என்று நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதிக்கொண்டாள். அவள் சொன்னது சரி. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அணிகிற நகைக்கும் ஸகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கமாக அணிகிற நகைக்கு இல்லை, ஆனால் சேமிப்பாகப் பெட்டியில் கிடப்பதற்கு உண்டு. தன்னுடையதில் பாதிக்கு மேல் பெட்டியில்தான் கிடக்கிறது என்று அவளே ஒப்புக்கொண்டாள். அவள் கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என்னுடையதற்கு மூன்று வாரம் ஆனது.

காரணம், நான் செய்த சாமர்த்தியம். கடனைக் கழிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். தவணையில் வாங்கிய வீட்டுக்கு இன்னும் 14 வருடத் தவணை பாக்கி. அவ்வளவையும் மொத்தமாகக் கழித்தேன். நிஸாபுக்குத் தங்கத்தில் 85 கிராம், வெள்ளியில் 595 கிராம் என்பது ஒரு கணக்கு, 87.48, 612.36 என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் அதற்குக் கீழே போய்விட்டேன். கீழே மட்டுமா, மைனஸில்! ஸகாத் கொடுக்க வேண்டியதில்லை என்பதோடு, அந்தக் கணக்குப்படி கைநீட்டி வாங்கவே தகுதி வந்துவிட்டது. நோட்டை ஆலிமிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மாஷா அல்லாஹ், உங்களுக்கு எந்த மாதத்திலிருந்து கொடுக்கச் சொல்லட்டும்?" என்றார்.

அப்புறம் விளக்கினார். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் கடன் ஸகாத்தைத் தடுப்பதே இல்லை. கழிக்கலாம் என்கிறவர்களிலும் இன்றைய அறிஞர்கள் பலர், நீண்டகாலக் கடனில் இப்போது கட்டவேண்டியதாக நெருங்கிவிட்ட தவணைகளை மட்டும்தான் கழிக்கச் சொல்கிறார்கள். 14 வருடம் கழித்துக் கட்டப்போகிற பணத்தை இன்றைக்கே கட்டிவிட்டதாக நினைக்க முடியாது அல்லவா.

இன்னொரு சாமர்த்தியமும் கைவசம் இருந்தது. ஒருவர் என்னிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. அதை மன்னித்துவிட்டு 'இதுதான் என் ஸகாத்' என்று எழுதிக்கொள்ளலாமா? பெரும்பாலான அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். வராது என்று தெரிந்துவிட்ட பணத்தைக் கொடுத்து என் கையிலுள்ள பணத்தைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை அது. மன்னிப்பது தனிப் புண்ணியம், ஸகாத் தனி. இரண்டையும் செய்துவிட்டுப் போங்கள் என்றார். சரி என்றேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

கடைசியில் பழைய வருடங்கள். விட்டுப்போன ஸகாத் காலம் கடந்ததால் தள்ளுபடி ஆவதில்லை, தலைமேல் கடனாக நிற்கும். பழைய வங்கிக் கணக்குகளை எடுத்து, வருடம் வருடமாக உத்தேசம் போட்டேன். 11 வருடத்தில் உறை உறையாகக் கொடுத்த மொத்தம், கொடுக்க வேண்டியதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

மீதியைக் கொடுக்க மறுபடியும் உறைகள் வாங்கினேன். பழக்கம்! அதற்குள் கூட்டாக ஸகாத் வசூலித்துப் பங்கிடுகிற பைத்துல்மால் குழுவில், கணக்கு எழுத ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். கணக்கே தெரியாமல் 11 வருடம் ஓட்டியவனைக் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள். போனேன்.

ஸகாத் யாருக்கு என்பதைக் குர்ஆன் 9:60 எட்டு வகையாகச் சொல்கிறது: வறியவர், ஏழை, ஸகாத் பணியாளர், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர், அடிமை விடுதலை, கடனாளி, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர். நான் இவ்வளவு காலமும் முதல் இரண்டோடு நின்றிருந்தேன். கடனாளி என்று ஒரு தனி வகையே இருக்கிறது என்பது, ஓதியிருந்தும் மனத்தில் பதியவே இல்லை.

மனுக்களைப் பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. பழைய விண்ணப்பம் நான்கு பக்கம். வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்பது வரைக்கும் கேட்டிருந்தார்கள். அதை ஒரு பக்கமாக்கியபோது எங்களுக்கு வழிகாட்டியது இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி. நபித்தோழர் கபீஸா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், கேட்டு வாங்க அனுமதி உள்ள மூன்று பேரைச் சொல்கிறார்கள். அதில் ஒருவர், வறுமையில் விழுந்துவிட்டார் என்று அவருடைய சமூகத்தில் விவரம் தெரிந்த மூன்று பேர் சொல்கிறவர். மூன்று சாட்சி. அதையே வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டார் ஒருவர், கூட வேலை பார்த்தவர் ஒருவர், மூன்றாவது ஆளை மனு போட்டவரே சொல்லலாம். வீட்டுக்குள் நுழைந்து பாத்திரம் எண்ணுவதைவிட இது மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏனென்றால் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, அறியாதவன் வசதியானவர்கள் என்று எண்ணிவிடுவான் என்கிறது 2:273. அப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சாட்சிகள்தான் வந்து சொன்னார்கள்.

அந்த மனுக்களில் ஒன்று எனக்குத் தெரிந்த பெயர். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். மூன்று வருடமாக என் உறைகளை வாங்கியவர்.

மகளின் மருத்துவச் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அவருடைய கணக்கையும் எழுதிப் பார்த்தேன். ரமளானில் அவருக்குக் கிடைத்தது முழுக்க, என்னுடையதும் மற்றவர்களுடையதும் சேர்ந்து, நான்கு மாத வட்டிக்குச் சரியாகப் போயிருந்தது. மூன்று வருடமும் அப்படித்தான். அசல் அப்படியே நின்றது. நடுவில் கருவிகளையும் விற்றிருந்தார். என் ஸகாத் அவர் கை வழியாகக் கடன் கொடுத்தவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இதைப் பார்த்த அன்று வாங்கி வைத்த உறைகளை எடுத்து உள்ளே போட்டேன்.

மொத்த அசலையும் ஒரே தடவையில் அடைத்துவிடலாம் என்று குழுவில் சொன்னேன். எதிர்ப்பு வந்தது. அந்தத் தொகையை 22 குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. 22 பேரையும் எங்களுக்குத் தெரியும். ஆனால் கொடுத்தால் தேவை தீரும்படி கொடுங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) சொன்னதாக வருகிறது. ஷாஃபிஈ அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தொழில் தெரிந்தவருக்குக் கருவியும் வியாபாரிக்கு முதலும் கொடுத்து மறுபடி கேட்க வேண்டாத நிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இரண்டு கூட்டம் பேசி, அரைமனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த சிக்கல் வட்டி. ஸகாத்திலிருந்து அசல் மட்டும்தான், வட்டிப் பாக்கிக்கு ஒரு காசும் இல்லை என்று முடிவு. அப்படியானால் கடன் கொடுத்தவர் பாக்கியைத் தள்ள வேண்டும். மூன்று தடவை போனேன். முதல் தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை, முழு அசலும் ஒரே நாளில் வரும், இல்லையென்றால் இந்த மனிதரிடமிருந்து என்றைக்கும் வராது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடன் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதிலும் ஒரு வாதம். 9:60இல் முதல் நான்கு வகைக்கு அரபியில் 'லி' என்று வருகிறது, அதாவது அவர்களுக்கு. பிறகு 'ஃபீ' என்று மாறுகிறது, அந்த வகையில் செலவிட. கடனாளி இரண்டாவது கூட்டத்தில் வருவதால் நேராகக் கடன் கொடுத்தவரிடமே கட்டலாம் என்றார் ஒரு ஆலிம். குழுவில் இருந்த ஹனஃபி நண்பர்கள், உரியவர் கைக்குச் சொந்தமாகப் போனால்தான் ஸகாத் நிறைவேறும் என்பதில் உறுதியாக நின்றார்கள். ஒரே எழுத்துக்காக ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கடைசியில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து அவர் கையில் கொடுத்தோம். அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஐந்து நிமிடம் போல அந்தப் பணம் அவருடையதாக இருந்தது. பிறகு அவரே எழுந்து கொண்டுபோய்க் கொடுத்து, பத்திரத்தை வாங்கிக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்த பிறகு, ஹனஃபி நண்பர்களின் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போனது.

கருவிகளுக்குக் கர்ழ் ஹஸன், அழகிய கடன். வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை, 10 தவணை. அது ஸகாத் பணம் அல்ல. ஸகாத்தை உரியவருக்குச் சொந்தமாகக் கொடுத்துவிட வேண்டும், கடனாகச் சுற்றவிடக் கூடாது என்பது எங்கள் ஆலிம்கள் வைத்த விதி. அதனால் பொதுவான ஸதகாவுக்கு, அதாவது விரும்பிக் கொடுக்கிற தர்மத்துக்குத் தனிப் பெட்டி, தனி நோட்டு. இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் பாகிஸ்தானின் அகுவத் அமைப்பைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தார். 2001இல் லாகூரில் வட்டியில்லாச் சிறு கடனாகத் தொடங்கிய வேலை அது. பள்ளிவாசலில் வைத்துக் கடன் கொடுத்தார்கள். அதை நிறுவிய அம்ஜத் சாகிப்புக்கு 2021இல் மகசேசே விருது கிடைத்தது. எங்கள் பெட்டி அதன் பக்கத்தில்கூட நிற்காது. முதல் வருடம் 19 கடன். மூன்று பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தார், மற்ற இருவரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பழுதுபார்க்கிறவர் 10 தவணையும் கட்டினார். ஆனால் அந்த ஒரு வருடமும் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். தொழுகை முடிந்தால் நான் திரும்புவதற்குள் போய்விடுவார். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. அவர் கடன் கொடுத்தவர் முன்னால் நின்ற நாளில் பக்கத்தில் நின்ற ஆள் நான். அதிலிருந்து ஒரு விதி போட்டோம்: மனு போட்டவருக்குப் பழக்கமானவர் விசாரிக்கப் போகக் கூடாது. பெயருக்குப் பதில் எண். இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

போன ஷஅபானில், என் நோட்டை முடித்துவிட்டுக் குழுவின் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இளைஞனின் மனு. தொழில் தொடங்க ஸகாத் கேட்டிருந்தான். மூன்றாவது சாட்சியாக வந்து உட்கார்ந்தவர் அவர். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்தும் எழுந்து போகவில்லை.

"இவனுக்கு ஸகாத் வேண்டாம்" என்றார். "என்கிட்ட வேலை பழகினவன். கை நல்ல கை. கர்ழ் கொடுங்க, கட்டிடுவான். நான் ஜாமீன்."

கையெழுத்தைப் போட்டுவிட்டு, உறை வாங்குகிற இடத்தில் அவனைப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவனுடைய 10 தவணையில் இதுவரை ஆறு வந்திருக்கிறது. ஒன்று தாமதம். நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லி 2:280இல் இருப்பதால், ஜாமீன் போட்டவரிடம் நாங்கள் இன்னும் எதுவும் கேட்கவில்லை.