பள்ளத்தூர் வீடு: சுவர், தூண், தரை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

செட்டிநாட்டில், பள்ளத்தூரில் இருக்கிற எங்கள் பழைய வீட்டைச் சரிபண்ணப் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், முன்பக்கத்து முகப்பிலும், நடு முற்றமும் தாழ்வாரமுமான வளவிலும் உள்வேலையை இன்று ஆரம்பித்தோம். பெரியப்பச்சி (பெரியப்பா) போனில் சொன்னது ஒன்றுதான். "என்ன வேணாலும் செய் ஆத்தா, பழசு மாதிரி பண்றேன்னு பெயிண்ட் மட்டும் அடிச்சிறாதே."

மேஸ்திரி அண்ணன் வந்ததும் வளவுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருக்கிறது, தட்டினால் கணீரென்கிறது. கீழே மூன்றடி உயரத்துக்கு எண்பதுகளில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தச் சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலேதான் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சுகிற ஈரத்தைப் போகிற வழியெல்லாம் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது, ஈரம் திறந்த இடம் கிடைக்கிறவரை மேலே ஏறியிருக்கிறது, உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு. ஈரத்துக்கு மருந்து என்று பூசியதுதான் ஈரத்தை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டது. எல்லாவற்றையும் கொத்தி எடுக்கச் சொல்லிவிட்டேன். சின்ன உளி, சின்னச் சுத்தியல், அவ்வளவுதான். மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

பிப்ரவரி 12, புதன்

முகப்புச் சுவரில் இடுப்பளவுக்குப் பதித்திருக்கிற பூப்போட்ட டைல்களில் ஒன்று கழன்று கையோடு வந்தது. பச்சைப் பின்னணி, நடுவில் புடைத்த ரோஜா. திருப்பிப் பார்த்தால் முதுகில் மேட் இன் ஜப்பான் என்று அச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! இந்த வீடு எந்த வருஷத்தது என்பதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை, ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இந்த மாதிரி டைல் முதலில் இங்கிலாந்து, ஜெர்மனி, பெல்ஜியம் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. முதல் உலகப்போரில் அந்த வரத்து குறைந்ததும் ஜப்பான்காரர்கள் சந்தையைப் பிடித்தார்கள். ஆக இந்தச் சுவர் வேலை பெரும்பாலும் 1915க்குப் பிறகு, 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்து நம் நகரத்தார் அங்கே நடத்திய வட்டிக்கடைகள் எல்லாம் போவதற்கு முன்பு. நான் 1920களை வைத்துக்கொள்கிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று கேள்வி வரும்போதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவு. ஆனால் ஐம்பதுகளில் ஐயா மாட்டிய மின்விசிறி இருக்கட்டும். அதுவும் இந்த வீட்டில் வாழ்ந்ததுதான்.

மார்ச் 1, சனி

வளவுத் தூண்கள். பர்மாத் தேக்கு. அதற்கு மேல் பச்சை எனாமல், அதற்கு மேல் பிரவுன் எனாமல். ஆசாரி சூடான காற்றடிக்கும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, பெயிண்ட் உப்பி வந்ததும் மொண்ணைத் தகட்டால் வழித்தெடுக்கிறார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதனால் முகமூடி இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. உப்புத்தாள் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் செதுக்கின விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். தூணின் தலைப்பான போதிகையில் தாமரை இதழ்களின் மடிப்புக்குள் இருந்ததை ஆசாரி மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தார். ஒரு இதழில் உளி சற்றே சறுக்கின தடம் தெரிகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் சறுக்கியது. அதைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பின்கட்டில் செல்லரித்துப்போன தூணுக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண் ஒன்று வாங்கிவிடலாம் என்று என் அண்ணன் சொன்னான். அந்தத் தெருவில் எல்லாம் கிடைக்கும்தான். நிலை, கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம். ஆனால் அங்கே நிற்கிற ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் பிரித்துப்போட்ட ஒரு வளவு இருக்கிறது. வாங்க ஆள் இருப்பதால்தான் பிரிக்கிறார்கள். இன்னொரு வீட்டைக் கொன்று நம் வீட்டைச் சரிபண்ண எனக்கு மனசு வரவில்லை, அவனிடமும் அப்படியே சொன்னேன். புதுத் தேக்கில், அதே அளவில், செதுக்கல் இல்லாமல் ஒரு தூண் செய்யச் சொல்லியிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு இது பிற்பாடு வைத்தது என்று தெரியட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கடைசிப் பூச்சு. இதற்குத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

சுண்ணாம்பை நீர் ஊற்றித் தாளித்து நீருக்குள்ளேயே கிடக்கவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரை ஊற்றிக் குழைத்து அடிப்பூச்சு போட்டாகிவிட்டது. கருப்பட்டித் தண்ணீர் சேர்த்தால் கலவை சீக்கிரம் இறுகாது, கைக்கு நன்றாக வளையும். ஒவ்வொரு பூச்சும் முந்தினதைவிட மெல்லிசு, மணலும் நைசு. கடைசியாகப் போடுவது கிளிஞ்சல் சுண்ணாம்பும் வெள்ளைக்கல் மாவும் முட்டையின் வெள்ளைக்கருவும். சித்தாள் அக்கா மஞ்சள் கருவை ஒரு பொட்டு விடாமல் பிரித்துக்கொண்டிருந்தார், விழுந்தால் வெள்ளை மங்கிவிடும். கலவையை மெல்லிய துணியில் வடிகட்டினார்கள். தொட்டால் வெண்ணெய்.

மேஸ்திரி அண்ணன் ஒரு கை அகலத்துக்குப் பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் கல் இழுபடுகிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறுகிறது, கரகரப்புப் போய் வழுக்குகிற சத்தம், அப்புறம் ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து தெரிகிறது. மேலே வியர்வை மாதிரி ஈரம் பூக்கும், துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பவும் தேய்க்க வேண்டும். வேலைக்கு நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும், அதனால் மூலையிலிருந்து மூலைவரை யாரும் சாப்பிடப் போகவில்லை. "ஆச்சி, இது காத்தக் குடிச்சுக் குடிச்சுக் கல்லாயிரும்" என்றார். உண்மைதான், சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு திரும்பச் சுண்ணாம்புக்கல்லாகிறது. அதற்கு மாதங்கள் பிடிக்கும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மேஸ்திரி அண்ணனோடு வந்திருக்கிற பையன் கற்றுக்கொள்கிறான், அவனுக்கும் முழுக் கூலிதான் கொடுக்கிறேன், கொடுக்கத்தான் வேண்டும்.

மார்ச் 22, சனி

கரண்ட் வேலை. சுவரை வெட்டிக் குழாய் பதிக்கக் கூடாது என்று சொல்லி, சுவருக்கு மேலேயே மரப்பட்டியில் ஒயரை ஓட்டியாகிவிட்டது. அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓட்டினார்கள். உள்ளே ஒயர் புதிது, எர்த் சரியாக இருக்கிறது. டியூப்லைட் எல்லாம் கழற்றியாச்சு.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆத்தங்குடிக்குப் போய் தரைக்கல் பார்த்துவந்தேன். வளவின் ஒரு ஓரத்தில் உடைந்த கற்களுக்குப் பதில் வேண்டும், பழைய கல் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோனேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் ஒவ்வொரு வர்ணக் குழம்பாக ஊற்றி, அச்சைத் தூக்கினதும் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன் மேல் கலவையை அடைக்கிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. எங்கள் கல்லின் சிவப்பு காலப்போக்கில் தணிந்த சிவப்பு. அதே போலப் பழசாக்கித் தரட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். நடக்க நடக்கத் தானே தணியும், அதுவரை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவந்தால் போதும்.

கல் சித்திரையில் வந்துவிடும். அதற்குள் வளவுத் தாழ்வார ஓட்டைப் பிரித்து அடுக்க வேண்டும், இரண்டு இடத்தில் சட்டம் ஊறியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அது முடிந்தாக வேண்டும். பங்காளிகளுக்குக் கணக்கு எழுதி அனுப்பிவிட்டேன், பெரியப்பச்சி தன் பங்கை இன்றே போட்டுவிட்டார்.