திருட்டு முழி சாட்சியாகாது

03.05.2025, சனி. ஒத்தக்கடை

மாலையில் எங்கள் மொட்டை மாடிக்கு வரும் தெருப்பிள்ளைகள் ராஜா, ராணி, போலீஸ், திருடன் சீட்டுதான் ஆடுவார்கள். அதில் போலீஸ் யாரையாவது கைகாட்டினால் போதும். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே இன்று மாஃபியா ஆட்டத்தைத் தொடங்கினேன். உண்மை அறிந்த சிலரும் அறியாத பலரும் மோதும் இவ்வாட்டத்தை, 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் மாணவரான திமித்ரி தவீதோவ் உருவாக்கினார். அதில் இரவில் கொலை நடக்கும்; கொலைப் பேச்சு வேண்டாமென்று மாஃபியாவை ஆட்டுத் திருடர்களாக மாற்றிக்கொண்டேன். ரகசியச் சீட்டின்படி ஏழு பேரில் இருவர் திருடர், மற்றவர் ஊர்க்காரர்; யார் திருடர் என்பது திருடருக்கு மட்டுமே தெரியும்; இரவில் ஆட்டைப் பறிகொடுத்தவர் விலகிக்கொள்ள, மீதி ஆறு பேரும் திருடன் யாரென்று பகலில் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்ற வேண்டும்.

“அவன் முழியே சரியில்ல அத்தை” என்ற ஒரே பேச்சில் பூக்கடைக்காரர் மகன் வெளியேற்றப்பட்டான். அவன் திருடன் அல்லன். அடுத்த ஆட்டத்தில் அதே முறையில் ஒரு திருடன் அகப்பட்டுவிட, மாடியே அதிர்ந்தது. ஆனால் ஓர் ஊர்க்காரருக்கு எதிரே இருக்கும் ஐவரில் இருவர் திருடர் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் ஐந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பிடித்ததை வைத்து யோசித்தார்கள் என்று சொல்ல முடியாது.

04.05.2025, ஞாயிறு

ஓட்டுக்கு முன் காரணத்தைத் துண்டுத் தாளில் எழுத வேண்டும், முகமும் முழியும் செல்லாது என்று விதி வைத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “முதல்ல வேற ஆளச் சொன்னான். எல்லாரும் கை தூக்கினதும் காரணம் சொல்லாம மாறிட்டான்” என்று எழுதியிருந்தாள்; அவன் திருடனேதான். அடுத்த ஆட்டத்தில் அதே காரணத்தால் அவள் குறித்த சிறுவனோ, அண்ணன் திட்டுவானென்ற பயத்தில் ஓட்டை மாற்றிய அப்பாவி. ஒரே செயலுக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடும் என்பதை அரை மணி நேரம் வாதாடினார்கள். இரண்டு தாளுக்கும் ஒரே மதிப்பெண்தான் போட்டேன். திருடனைப் பிடித்ததற்குத் தனி மதிப்பெண் கிடையாது. இதில் பையன்களுக்கு என்மேல் வருத்தம்தான்.

10.05.2025, சனி

பொய் சொல்லப் பழக்குகிறேனா என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. சீட்டைப் பிரித்த பிறகே பொய், ஆட்டம் முடிந்ததும் யார் எங்கே ஏமாற்றினார் என்பதைத் திருடர்களே விளக்க வேண்டும் என்றேன்; அவர் பாதி மனத்துடன்தான் போனார்.

ஆட்டத்தின் ஒவ்வோர் இரவிலும் ஒருவர் திருடரா என்று சோதித்தறியும் ஒரு துப்பறிவாளரையும் இன்று சேர்த்தோம். இருவர் “நான்தான்” என்றதும், இருவரில் ஒருவராவது பொய்யர் என்று உடனே பிடித்துக்கொண்டு, எந்த இரவில் யாரைச் சோதித்தாய் என்று குறுக்கு விசாரணையில் இறங்கிவிட்டார்கள்.