இரத்மலானை: காற்றும் மழையும் நடத்தும் ஓடுபாதை

கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதையில், ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் பெரிதாக எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 40 பாகை, 220 பாகை. கடைசி இலக்கத்தை விட்டு எழுதுவது உலக வழக்கம். பாதை வடகிழக்கு - தென்மேற்காகக் கிடக்கிறது என்பதுதான் பொருள். கட்டுநாயக்க விமான நிலையமும் 04/22, யாழ்ப்பாணத்துப் பலாலி 05/23. விமானம் எதிர்காற்றில் ஏறி எதிர்காற்றில் இறங்க வேண்டும். நமக்கோ ஆண்டில் பாதி சோளகம் என்ற தென்மேற்குக் காற்று, பாதி வாடை என்ற வடகிழக்குக் காற்று. சோளகத்துக்கு 22, வாடைக்கு 04.

ஆனால் கொழும்பில் கடற்காற்று என்று ஒன்று இருக்கிறது. வாடைக் காலத்தில்கூட காலையில் 04இல் பறக்கத் தொடங்கி, பிற்பகலில் 22க்கு மாற வேண்டி வரும். அந்தக் காற்று நேர் மேற்கிலிருந்து வந்தால் பாதையோடு 50 பாகை விலகி நிற்கும். 15 நொட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்தில் வீசினால் பக்கவாட்டாகத் தள்ளும் பங்கு மட்டும் சுமார் 11.5 நொட். மாணவர்கள் பழகும் செஸ்னா 152இன் கைநூல் சோதனையில் பக்கக்காற்றில் பறந்து இறங்கிக் காட்டியதாகச் சொல்லும் அளவு 12 நொட். புதிதாகத் தனியே பறப்பவரை அந்த நேரத்தில் தரையிலேயே நிறுத்திவைப்பதுதான் சரி.

காற்றின் திசையையும் வலுவையும் காட்டக் கம்பத்தில் கட்டும் காற்றுப்பையை நம்புவதற்கும் ஒரு முறை உண்டு. சர்வதேச விதிப்படி அதன் நீளம் 3.6 மீட்டருக்கும் வாயின் விட்டம் 0.9 மீட்டருக்கும் குறையக்கூடாது. 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். அடைமழையில் ஊறிய துணி கனத்துத் தொங்கும். காற்று உள்ளதைவிடக் குறைவு போலத் தோன்றும். வெயிலில் நிறம் வெளுத்தாலும், சுழலும் வளையம் துருப்பிடித்து இறுகினாலும் அது பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

இங்கே முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27இல். மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல்-பிஸ்கோ புஸ் மொத் என்ற சிறு விமானத்தில் வந்தார். 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் சேவை, 'சீதா தேவி' என்ற டக்கோட்டா, இங்கிருந்து புறப்பட்டு காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. நாட்டின் முதல் விமான சேவை வடக்கைத் தொட்டுக்கொண்டுதான் கடல் தாண்டியது என்பதை நம்மவர்கள் பலர் அறிவதில்லை. 1960களின் பிற்பகுதியில் பெரிய ஜெட்கள் கட்டுநாயக்கவுக்குப் போய்விட, விமானப்படையும் பயிற்சிப் பள்ளிகளும் உள்நாட்டுப் பறப்புகளும் இங்கே மிஞ்சின.

மழைதான் பெரிய தலையிடி. பாதையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீர் நின்றாலே அதை வெறும் ஈரப் பாதையாக அல்லாமல் வேறு கணக்கில் எடுக்க வேண்டும். டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இறாத்தலில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 9ஆல் பெருக்குங்கள்: டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில் கிடைக்கும். 30 இறாத்தல் என்றால் சுமார் 49 நொட். சிறிய விமானம் நிலத்தைத் தொடுவதும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான். அப்போது பிரேக்கை மிதித்துப் பயனில்லை. ஆகவே வடிகாலில் சேரும் புல்லையும் சேற்றையும் பருவம் தொடங்கும் முன்பே அள்ளிவிட வேண்டும்.

அதே ஈரம் எரிபொருள் தாங்கிக்குள்ளும் புகும். பாதி நிரம்பிய தாங்கியில் இரவு ஈரப்பதம் நீராகப் படியும்; தேய்ந்த மூடி வழியே மழைநீரும் இறங்கும். காலையில் தாங்கியின் அடியிலிருந்து எரிபொருளை வடிக்கும் ஒவ்வொரு வடிவாயிலிலும் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். செஸ்னா 172எஸ் வகையில் இவை 13: ஒவ்வோர் இறக்கைக்கும் ஐந்து, உடலின் அடியில் மூன்று. இந்தச் சிறு விமானங்களின் 100எல்எல் பெற்றோல் இளநீலம்; நீர் அடியில் குமிழாக உருளும். குவளை முழுவதும் நிறமின்றி இருந்தால் 'சுத்தம்' என்று எண்ணிவிடாதீர்கள், அத்தனையும் நீராக இருக்கலாம். ஜெட் எரிபொருள் கலந்ததோ என்ற சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள்: பெற்றோல் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையம் விட்டுப்போகும்.

பறவைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990இல் சரணாலயமான பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. அது அங்கே இருக்கத்தான் வேண்டும். நம் கையில் இருப்பது புல்லும் குப்பையும். புல்லை ஒட்ட வெட்டினால் பூச்சிகள் வெளிப்பட்டுக் கொக்குகள் இறங்கும். 15 - 20 செ.மீ. உயரத்தில் விட்டால் பல பறவைகளுக்குச் சுற்றிலும் கண் எட்டாது, இறங்கத் தயங்கும். வெட்டுவதை அன்றைய பறப்புகள் முடிந்த பிறகு வைத்துக்கொண்டு, வெட்டிய புல்லை மறுநாள் விடியுமுன் அகற்றிவிட வேண்டும்.