இருபது வளைவும் எங்கள் வண்டியும்: ஒரு நாட்குறிப்பு

2 ஜூன் 2025, ஓடோமீட்டர் 43,618

பள்ளி திறந்தாச்சு. காலை ஏழேகாலுக்கு சேலம் அஸ்தம்பட்டியில் கணக்கு டீச்சரையும் கோரிமேட்டில் தமிழ் ஐயாவையும் ஏற்றிக்கொண்டால், அப்புறம் அடிவாரம், செக்போஸ்ட், இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு மலைமேல் எங்கள் பள்ளி. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் இந்த ஹைபிரிட் வண்டியை 2023 மார்ச்சில் வாங்கியதிலிருந்து இதுதான் எங்கள் மூவரின் பாதை. போக 32, வர 32, நாளுக்கு 64 கிலோமீட்டர்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடிக்க இறங்கினால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏங்க டீச்சர், இதுக்கு கரண்ட் எங்கே சார்ஜ் போடுவீங்க?" எங்கேயும் போட வேண்டாம், பெட்ரோல் மட்டும் போட்டால் போதும், மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கேள்வியும் மாறாது. "பேட்டரி போயிட்டா?" அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால்தான் இந்த வருஷம் தேதி போட்டு எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைய கணக்கு: ஏறும்போது 2.3 லிட்டர். இறங்கும்போது அரை லிட்டருக்கும் குறைவு. போய்வர லிட்டருக்கு 23 கிலோமீட்டருக்கு மேல். பழைய சின்ன பெட்ரோல் கார் இதே பாதையில் பதினாலு, பதினைந்துதான் கொடுத்தது.

19 ஜூன் 2025

இறக்கத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். இந்த வண்டியைப் புரிந்துகொண்டதே அங்கேதான்.

வண்டி வாங்கிய முதல் வாரம் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. இருபதாம் வளைவிலிருந்து இறங்குகிறோம். திரையில் பேட்டரிப் படம் ஒவ்வொரு கட்டமாக நிரம்புகிறது, எஞ்சின் சத்தமே இல்லை, டயர் உருளும் ஓசை மட்டும். பதினாறாம் வளைவு தாண்டியதும் திடீரென்று எஞ்சின் உறுமத் தொடங்கியது. நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. கணக்கு டீச்சர் பயந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நானும் பயந்தேன். வண்டி தானாக வேகம் எடுக்கப் போகிறது என்றே நினைத்தோம்.

நடந்தது அதற்கு நேர்மாறு. இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றி உண்டாக்கும் மின்சாரத்தால் பேட்டரி நிரம்பிவிட்டது, இனி வைக்க இடமில்லை. அதனால் மிச்ச மின்சாரத்தை வைத்து எஞ்சினைச் சும்மா சுற்றவிடுகிறது. அதில் பெட்ரோல் ஒரு சொட்டுகூட எரிவதில்லை. அந்தச் சுற்றலே வண்டி வேகம் எடுக்காமல் இழுத்துப் பிடிக்கிறது.

கணக்கு டீச்சர் மறுநாளே கரும்பலகையில் போட்டுக் காட்டினார். எங்கள் மூவரோடு வண்டி சுமார் 1,500 கிலோ. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் கிடைக்கும் சக்தி ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வண்டியின் பேட்டரி கொள்ளளவோ 0.76 யூனிட். அதிலும் ஆயுள் கருதி அடிமட்டம் வரை காலியாகவும் விடாது, விளிம்பு வரை நிரம்பவும் விடாது. உருளும் டயரும் காற்றும் தின்றது போகவும் மலை கொடுப்பதில் பெரும்பங்கை வாங்கி வைக்கப் பாத்திரம் இல்லை. ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கிளியூர் அருவிக்குப் போன மாதிரி.

அதனால் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பள்ளியிலிருந்து கிளம்பி ஏரி ஓரமாக ஒண்டிக்கடை வரும்வரை மின்சாரத்தில் மட்டும் ஓட வைக்கும் இ.வி. பொத்தானை அழுத்திப் பேட்டரியைக் கொஞ்சம் கரைத்துவிடுவேன். குடம் பாதி காலியாக இருந்தால்தானே பிடிக்க முடியும். மேல் வளைவுகளை டி-யிலேயே (D, சாதாரணமாக ஓட்டும் நிலை), பிரேக்கை லேசாகத் தொட்டபடி இறங்குவேன். கட்டம் நிரம்பியதும் கியரை பி-க்கு (B, எஞ்சின் வண்டியை இன்னும் அதிகமாக இழுத்துப் பிடிக்கும் நிலை; நிறுத்தி வைக்கும் P அல்ல) மாற்றிவிடுவேன். நிரம்பின பிறகும் டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தால் வேலையில் பெரும்பகுதி பிரேக் பேட் தலையில் விழும், அடிவாரத்தில் கருகல் வாடை வரும். சுற்றுலா வண்டிகள் பலவும் அந்த வாடையோடுதான் செக்போஸ்டைத் தாண்டுகின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று யாராவது அவர்களிடம் சொல்லக்கூடாதா?

7 ஆகஸ்ட் 2025, ஓடோமீட்டர் 46,790

மைலேஜ் குறைந்திருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். போன வருஷம் ஜூன், ஜூலையில் சராசரி 23.6, இந்த வருஷம் 22.8. வழி மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, டயர் காற்று வாராவாரம் பார்க்கிறேன். மாறியது பெட்ரோல்தான். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் (எரிசாராயம்) கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்குப் போனால் மூன்று, மூன்றரை சதவீதம் குறைய வேண்டும். என் நோட்டும் அதையேதான் சொல்கிறது. வண்டிக்கு நோவில்லை என்று நிம்மதி. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது அந்த மூன்று சதவீதமும் உறுத்தத்தான் செய்கிறது.

22 செப்டம்பர் 2025

இன்று முதல் புது ஜி.எஸ்.டி. எங்கள் வண்டி வாங்கியபோது வரியும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான ஹைபிரிட்டுக்கு இனி 40. மின்சாரக் காருக்கு அதே 5. பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கும் வண்டிக்கும் சாதாரண பெரிய காருக்கும் ஒரே தட்டில் வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையிலேயே ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள்.

22 அக்டோபர் 2025, ஓடோமீட்டர் 50,105

தீபாவளிக்குக் கோயம்புத்தூர் போய்வந்தோம். சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி, எல்லாம் அகலமான நெடுஞ்சாலை. வீட்டுக்காரர் ஓட்டினார், அவர் கால் நூறுக்குக் கீழே வராது. மைலேஜ் 19. மலை ஏறி இறங்குவதைவிடக் குறைவு! ஹைபிரிட் வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். எப்போதும் நெடுஞ்சாலையிலேயே ஒரே வேகத்தில் போகிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. பிரேக் பிடித்துப் பிடித்துப் போகும் இடத்தில்தான் இதற்கு வரும்படி. ஐந்து ரோடு சிக்னலிலும் செவ்வாய்ப்பேட்டை நெரிசலிலும் எஞ்சின் பாதி நேரம் உறங்கிக்கொண்டே இருக்கும்.

24 நவம்பர் 2025

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பன்னிரண்டு நாள் லீவு. வண்டி வாசலிலேயே நின்றது. இன்று காலை எழுந்து சாவிப் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன உலோகச் சாவியை உருவித் திறந்தேன். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. கறுப்புத் திரை, கறுப்பு மீட்டர். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன், 'டிக்' என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருக்கிறார், இதுவும் படுத்துவிட்டதே என்று கண் கலங்கிவிட்டது.

பெரிய பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்தேன். கோரிமேட்டு மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, பெருசு நல்லாத்தான் இருக்கு. சின்னதுதான் இறங்கிடுச்சு." எல்லாக் காரிலும் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி. இந்த வண்டியில் எஞ்சினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, அதைப் பெரிய பேட்டரியே செய்துகொள்ளும். ஆனால் பெரியதை இணைக்கும் சுவிட்சைப் போடவும் கணினிகளை எழுப்பவும் சின்னது வேண்டும். அது தூங்கினால் 177 வோல்ட் உள்ளே இருந்தும் பயனில்லை. தம்பி வேறொரு பேட்டரியிலிருந்து வயர் போட்டதும் ஒரே நொடியில் உயிர் வந்தது. சாலையைப் படம் பிடிக்க நான் தனியாக மாட்டிய டேஷ்கேம் கேமரா, வண்டி நிற்கும்போதும் மின்சாரம் உறிஞ்சியிருக்கிறது. அதன் வயரைச் சாவியோடு அணையும் இணைப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இனி வண்டியை வாரக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரெடி நிலையில் (வண்டி ஓடத் தயாராக ஆன் செய்து) வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் காரை இதிலிருந்து வயர் போட்டுக் கிளப்ப முடியுமா என்று கேட்டார். கூடாது என்றார் தம்பி. மற்ற காரின் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை இந்த வண்டியின் மின்சுற்று தாங்காதாம். கேட்டு வைத்தது நல்லதாயிற்று.

14 ஜனவரி 2026, ஓடோமீட்டர் 54,480

போகி. வீட்டோடு வண்டியையும் கழுவினோம். பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் சீட் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கம்பி வலை வழியாகத்தான் உள்ளே போகிறது. போன மாதம் காபிப் பழப் பறிப்பு நேரத்தில் தமிழ் ஐயா தன் தோட்டத்துக் கொட்டை மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கியிருந்தார். ஒரு மூட்டை அந்த வலையை அடைத்தபடி இரண்டு வாரம் இருந்தது. மூடியைக் கழற்றினால் வடிகட்டியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படலம். சணல் நார், காபித் தோல் தூசி, எங்கள் நாயின் முடி எல்லாம் சேர்ந்து அப்பியிருந்தது. விரலால் உரித்தால் துணி மாதிரி ஒரே துண்டாக வந்தது.

இங்கே ஒரு மனவருத்தம். அக்டோபரில்தான் சர்வீஸ் விட்டேன். பில்லில் 'ஹைபிரிட் பேட்டரி பரிசோதனை' என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனியாகப் பணம். இந்த வடிகட்டியை அவர்கள் தொட்டே இருக்கவில்லை, அதன் திருகில் இரண்டு வருஷத் தூசி அப்படியே இருந்தது. போனில் கேட்டேன். கணினியில் பார்த்தோம், கோளாறு எதுவும் காட்டவில்லை என்றார்கள். சூடு ஏறினால்தானே கோளாறு காட்டும், ஏறாமல் காப்பதற்குத்தானே சர்வீஸ்? பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை வடிகட்டியை என் கண் முன்னால் எடுத்துக் காட்டிவிட்டுச் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் கைகூப்பிச் சொல்கிறேன்: அந்த வலையைத் தேடிப் பாருங்கள், அதன்மேல் போர்வை, பை எதுவும் வைக்காதீர்கள். பேட்டரிக்குச் சூடு பெரிய எதிரி.

9 மார்ச் 2026, ஓடோமீட்டர் 57,912

மூன்று வருஷம் முடிந்தது. டயர் ஒரு ஜோடி மாற்றினேன், 12 வோல்ட் பேட்டரியை டிசம்பரில் மாற்றினேன், வைப்பர் இரண்டு தடவை. பிரேக் பேட் இன்னும் முதல் ஜோடியே, பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பழைய காருக்கு இந்த மலையில் பதினைந்து, பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பெரிய பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். என் ஓட்டத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே, 2031 மார்ச்சில் முடியும். அந்த மே மாதம்தான் எனக்கு ஓய்வு. அதற்கு முன் விற்றுவிடுங்கள், அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறார் வீட்டுக்காரர். நான் விற்கப் போவதில்லை. ப்ரியஸ் ஜப்பானில் 1997 டிசம்பரில் வந்தது, நம் நாட்டிலேயே 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் விற்றார்கள். நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை இது. மாதம் கொஞ்சம் எடுத்துத் தபால் அலுவலகத்தில் ஆர்.டி. போட்டு வருகிறேன். பேட்டரி போனால் அந்தப் பணத்தில் மாற்றுவேன். போகாவிட்டால் பேரப்பிள்ளைக்கு ஆகும். ஒண்டிக்கடையில் கேட்டால் இனி இதையே சொல்லிவிடலாம்.

இந்த வாரம் முதல் எங்களோடு நான்காவதாக ஒரு புது அறிவியல் டீச்சர் வருகிறார், சின்னப் பெண். மாலையில் மழை தூறி நின்றிருந்தது, கண்ணாடியை இறக்கினால் காபிப் பூ வாசம். பதினேழாம் வளைவில் மேலே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். அதன்பின் எஞ்சின் உறுமியது. அந்தப் பெண் சட்டென்று முன் சீட்டைப் பிடித்தார்.

"ஒண்ணுமில்லம்மா, குடம் நிரம்பிடுச்சு" என்றார் கணக்கு டீச்சர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.