ஞாயிறு இரவு ஒரு அரை மணி நேரம்

வார இறுதியில் சொந்தமும் நட்பும் ஒன்றாகக் கூடும் நாளின் படங்கள் எடுக்கும்போது கெட்டுப்போவதைவிட, எடுத்த பிறகு தொலைந்துபோவதுதான் அதிகம். ஆறு பேர் போனில் முந்நூறு படம் கிடக்கும். ஒரு வருஷம் கழித்து, தாத்தா வாய்விட்டுச் சிரித்த அந்த ஒரு படம் வேண்டுமென்றால் யாரிடமும் அகப்படாது. அதனால் எடுக்கும் விதத்துக்கு எவ்வளவு அக்கறை காட்டுகிறோமோ, அவ்வளவு அக்கறை அன்றிரவு அவற்றை ஒழுங்குபடுத்துவதிலும் வேண்டும்.

முதலில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம். அதைக் கிளம்பும் நேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் இரண்டு பேர் போயிருப்பார்கள், குழந்தை தூங்கியிருக்கும், வெளிச்சமும் இறங்கியிருக்கும். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னால் எடுத்துவிடுவதே நல்லது. ஐந்து நிமிஷ வேலை.

நிற்கும் இடம், நேர்வெயில் படாத, ஆனால் ஒரு பக்கம் வானம் திறந்த நிழலாக இருக்கட்டும். முகங்கள் அந்தத் திறந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். உச்சிவெயிலில் நிறுத்தினால் கண்குழியில் கறுப்பு நிழல் விழும், எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். ஜன்னலை முதுகுப்பக்கம் வைத்து நிறுத்தினால் முகம் இருட்டடிக்கும். இடம் மாற வழியில்லையென்றால் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எடுங்கள். பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும்.

லென்ஸைத் துணியால் துடைத்தீர்களா? விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களில் தெரியும் அந்தப் புகைமூட்டத்துக்குக் காரணம்.

போன் திரையில் 1x என்று காட்டும் சாதாரணக் கேமராவே அகலமாகப் பார்க்கும் ரகம். கிட்ட நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் இழுபட்டுப் பருத்துத் தெரிவார்கள்; 0.5x-இல் இது இன்னும் மோசம். சித்திக்கு அந்தப் படம் பிடிக்காமல் போவதற்கு அவர் காரணமில்லை, நீங்கள் நின்ற தூரம்தான் காரணம். நாலைந்து அடி பின்னால் போய் 2x-இல் எடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டு மூன்று வரிசை: பெரியவர்கள் முன்னால் நாற்காலியில், சின்னவர்கள் தரையில், மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நிற்கட்டும். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் பின்னால் இருப்பவர்களின் தலை சிறுத்துவிடும்.

கண் மூடும் சிக்கலுக்கு ஒரு கணக்கே உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் போட்ட கணக்கு அது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை, 2006இல் கணிதத்துக்காக வாங்கியது. இருபது பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை 3ஆல் வகுங்கள், மங்கலில் 2ஆல். பன்னிரண்டு பேருக்கு நாலு படம், மங்கலில் ஆறு. ஒரு படமாவது எல்லோர் கண்ணும் திறந்ததாகக் கிடைக்க அவ்வளவு போதும். "ஒண்ணு எடுத்தாச்சு, போதும்" என்று கலைய விடாதீர்கள்.

வழக்கமாக ஒருவரே படம் எடுத்துக்கொண்டிருப்பார், ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அவர் முகம் இருக்காது. போனை நெஞ்சு உயரத்தில் எதிலாவது சாய்த்து, டைமரை 10 நொடிக்கு வையுங்கள். 3 நொடி வைத்தால் ஓடி வந்தவர் மூச்சிரைக்க, அரைகுறையாகத் திரும்பிய நிலையில்தான் பதிவாவார்.

ஓடியாடும் குழந்தைகள் மங்கலாக விழுவதற்குக் காரணம் கை நடுக்கம் அல்ல. சாயங்காலம் வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல், போன் ஷட்டரை 1/30 நொடி, அதற்கும் மேல் திறந்துவைக்கிறது. ஓடும் பிள்ளையை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும். நைட் மோடை அணைத்துவிட்டு, விளையாட்டை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். நீங்களும் குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் பல படம் விழும் தொடர்படம் எடுங்கள். தொடர்படம் எடுக்கும் வழி போனுக்குப் போன் மாறும். முன்னாடியே பழகிக்கொள்வது நல்லது.

வரிசையில் நிற்கும் படத்தைவிட, பிற்பாடு மனசைத் தொடுவது கிட்டத்தில் எடுத்தவைதான் என்பது என் எண்ணம். பேத்தியின் கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பிடித்திருக்கும் பாட்டியின் விரல்கள், அதில் தேய்ந்த மோதிரம். சீட்டு விளையாட்டில் ரகசியமாகத் தன் சீட்டை மாமாவிடம் காட்டும் சிறுவனின் கை. முகமே தேவையில்லை. யாரையும் "இங்கே பாருங்க" என்று கூப்பிடாமல் எடுங்கள்.

குரலையும் பதிவு செய்யுங்கள். பத்து நிமிஷம் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். வெறும் மேஜையில் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடி மாதிரி விழும். மடித்த துண்டின்மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். பதிவு செய்வதைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். "ஏதாவது சொல்லுங்க" என்றால் பெரியவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, "பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

இனி ஞாயிறு இரவு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு குறையும், படம் எடுத்த தேதி முதலான உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். அப்புறம் அது அனுப்பிய நாளின் படமாகத்தான் வரிசையில் உட்காரும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது எல்லோரும் போடும் ஒரு பகிர்வு ஆல்பம் திறந்துவிடுங்கள்.

பிறகு கழிப்பது. இருநூறில் இருபத்தைந்து, முப்பது மிஞ்சினால் போதும். ஒரே காட்சியின் ஏழு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏழையும் வைத்தால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். மங்கலானாலும் உயிரோட்டமுள்ள படத்தை மட்டும் தூக்கி எறிய வேண்டாம்.

இந்த இடத்தில்தான் பெரிய விபத்து நடக்கிறது. கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது என்ற தைரியத்தில், இடம் காலி செய்ய அதே செயலியில் படங்களை அழிக்கிறார்கள். அது போனிலும், மேலே இணையச் சேமிப்பிலும் சேர்த்தே அழிக்கும். மேலே ஏறிய படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருந்து, பிறகு நிரந்தரமாகப் போய்விடும். போனில் மட்டும் நீக்க, அதிலேயே இடத்தை விடுவிக்கும் தனி வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கூகுள் தரும் இலவச 15 ஜிபி இடம், மெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். நிறைந்தால் ஏறுவது நின்றுவிடும், கவனிக்காவிட்டால் மாதக்கணக்கில் தெரியாது. தேர்ந்தெடுத்த முப்பதையும் குரல் பதிவையும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் போட்டுவையுங்கள். கோப்புறையின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாகவே வரிசையில் நிற்கும்.

நாலைந்தை அச்சுப் போடுங்கள். 4x6 அங்குலத்துக்கு 1200x1800 பிக்சல் போதும். 8x10-க்கு 2400x3000 வேண்டும், அங்கேதான் வாட்ஸ்அப் படம் பல்லிளிக்கும். பின்பக்கம் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தழும்பு தெரியும், மென்முனை மார்க்கர்தான் சரி. மை நன்றாகக் காய்வதற்குள் ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கினால், அடுத்த படத்தின் முகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.