அது என்ன சத்தம் என்று அப்பா கேட்டார்

2006 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் நானும், நியூ ஜெர்சியில் நான் அப்போது குடியிருந்த வீட்டின் கூடத்தில் அமர்ந்து, சிபிஎஸ் தொலைக்காட்சியில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய '9/11' ஆவணப்படத்தைப் பார்த்தோம். அதற்கு முந்தைய சில நாட்களாக அமெரிக்கச் செய்தித்தாள்கள் இந்தப் படத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன. அவற்றில் பேசப்பட்ட கவலை படத்தில் காட்டப்படும் சாவைப் பற்றியதன்று. தீயணைப்பு வீரர்கள் அதில் பேசும் கெட்ட வார்த்தைகளையும், அவற்றுக்காக அரசு ஆணையம் ஒளிபரப்பு நிலையங்களுக்கு விதிக்கக்கூடிய அபராதத்தையும் பற்றியது. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு, பணி ஆணைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் ஆங்கிலம் தெரியும். ஆகவே நாடே விவாதித்த அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை.

படம் உருவான விதமே விசித்திரமானது. ஜூல்ஸ் நோதே, ஜெதியோன் நோதே என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள், ஜேம்ஸ் ஹான்லன் என்ற தீயணைப்பு வீரருடன் சேர்ந்து, மன்ஹாட்டனின் டுவேன் தெருத் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவரைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 காலையில் தெருவில் வாயுக்கசிவு என்று அழைப்பு வர, தலைமை அதிகாரி ஜோசப் ஃபைஃபருடன் ஜூல்ஸும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறார். தலைக்கு மேல் இரைச்சல் கேட்கிறது; எல்லாரும் நிமிர்கிறார்கள்; கேமராவும் நிமிர்கிறது. மணி 8.46. முதல் விமானம் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதுவதைத் தெளிவாகப் பதிவு செய்த மிகச் சில படச்சுருள்களில் இதுவும் ஒன்று. அந்த நொடியில் ஒருவர் வாயிலிருந்து வரும் சொல்தான் படத்தின் முதல் 'குற்றங்களில்' சேரும். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கோபுரத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஃபைஃபர் கட்டுப்பாட்டு மையம் அமைக்கிறார். கருவிகளைச் சுமந்த வீரர்கள் ஒவ்வொருவராக மாடிப்படியை நோக்கிப் போகிறார்கள். வெளியே எதுவோ மோதி உடையும் பேரோசை கேட்கிறது. சற்று நேரத்தில் மீண்டும் ஒன்று. ஒவ்வொரு முறையும் வீரர்கள் ஒரு கணம் தலையைத் திருப்புகிறார்கள், யாரும் பேசவில்லை.

"அது என்ன சத்தம்டா? கூரை இடிஞ்சு விழுதா?" என்று அப்பா கேட்டார்.

மேலேயிருந்து ஆட்கள் குதிக்கிறார்கள் என்று சொன்னேன். தண்டவாளத்தருகே முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த சத்தத்துக்கு அவர் தலையும் அந்த வீரர்களைப் போலவே திரும்பியது.

அந்த ஓசைகளிலும் பலவற்றைப் படத்தொகுப்பின்போது குறைத்துவிட்டதாக இயக்குநர்கள் பிறகு தெரிவித்தார்கள். இன்னொன்றும் உண்டு. கூடத்துக்குள் நுழைந்ததும் தீப்பற்றிய மனிதர்களைத் தம் வலப்புறத்தில் கண்ட ஜூல்ஸ், இதை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து, கேமராவை அந்தப் பக்கம் திருப்பவேயில்லை. எந்த ஆணையமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அபராத அச்சமும் அந்த நேரத்தில் அவருக்கு இருந்திருக்க முடியாது. எதை மறைக்க வேண்டும் என்பதை அங்கே நின்றவர் ஒரு நொடியில் அறிந்திருந்தார். ஐந்து ஆண்டு கழித்து மேசைக்கு முன் அமர்ந்து ஒளிபரப்பைத் தடுக்க முயன்றவர்களோ, உயிரோடிருந்தவர்களின் நாக்கை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதே படம் 2002 மார்ச் 10 அன்றும், பிறகு இன்னொரு முறையும் புகாரின்றி ஒளிபரப்பானது. இடையில் மாறியது சட்டத்தின் வாசிப்பு. அமெரிக்காவில் வான்வழி ஒலி, ஒளி பரப்புக்கு மட்டும் காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஒழுக்கக் கட்டுப்பாடு உண்டு. கம்பிவழி அலைவரிசைகளுக்குக் கிடையாது. அதன் வேர், 1973இல் ஒரு பிற்பகலில் நியூயார்க் வானொலியில் வந்த நகைச்சுவை நிகழ்ச்சியை மகனுடன் காரில் சென்ற ஒருவர் கேட்டு அளித்த புகாரில் இருக்கிறது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்றது. ஆனாலும் வாய்தவறி வரும் ஒற்றைச் சொல்லை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி நெடுங்காலம் பெரிதுபடுத்தவில்லை. 2003 கோல்டன் குளோப் விழாவில் பாடகர் போனோ மகிழ்ச்சி மிகுதியில் உதிர்த்த ஒரு சொல், 2004 மார்ச்சில் அந்த நிலையை மாற்றியது. ஒரு முறை சொன்னாலும் குற்றமே என்றது ஆணையம். 2006 ஜூனில் அபராதத்தின் உச்சவரம்பு 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக, ஒரே தாவலில் பத்து மடங்கு ஆனது.

போர்க் கதையான 'சேவிங் பிரைவேட் ரையன்' திரைப்படத்தின் சிப்பாய்கள் பேசும் வசைச்சொற்கள் கதைக்குத் தேவையானவை என்று 2005இல் அனுமதித்த அதே ஆணையம், உண்மையான ப்ளூஸ் இசைக்கலைஞர்கள் தம் இயல்பான பேச்சில் சொன்னவற்றை ஒளிபரப்பிய கலிபோர்னியாவின் சிறிய பொது நிலையம் ஒன்றுக்கு 2006இல் 15,000 டாலர் அபராதம் விதித்தது. நடிகர்கள் மனப்பாடம் செய்த வசை கலை. வாழ்ந்தவர் வாயில் வந்த வசை குற்றம்! இதைப் படித்த ஒரு நிலைய மேலாளர், ஆவணப்படத்தைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்? முன்கூட்டியே ஆணையத்திடம் கேட்கலாம் என்றால், ஒளிபரப்புக்கு முன் பார்த்துக் கருத்துச் சொல்வது தணிக்கையாகிவிடும், தணிக்கை செய்யும் அதிகாரம் சட்டப்படி தனக்கில்லை என்று அது கைவிரித்துவிடும். காட்டிய பிறகே தீர்ப்பு வரும். அமெரிக்கக் குடும்பச் சங்கம் என்ற அமைப்பு, புகார் அனுப்பும்படி தன் உறுப்பினர்களை முடுக்கிவிட்டிருந்தது. சிபிஎஸ் ஒரு சொல்லையும் வெட்ட மறுத்து எச்சரிக்கையுடன் ஒளிபரப்பியது. ஆனால் அதன் நிகழ்ச்சிகளைக் காட்டும் உள்ளூர் இணைப்பு நிலையங்களில் சில படத்தைக் காட்டவில்லை, சில இரவு பத்து மணிக்குமேல் தள்ளிவைத்தன.

எட்டு மணிக்குக் குழந்தைகள் விழித்திருப்பார்கள் என்ற பெற்றோரின் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. எட்டு வயதுப் பிள்ளை என் வீட்டில் இருந்திருந்தால் அன்றிரவு வேறு அறைக்குத்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் அது சொற்களுக்காக இருந்திருக்காது. அப்பா கேட்ட அந்தக் கேள்வியை அவனும் கேட்பான், அதற்கு என்னிடம் பதில் இருக்காது என்பதற்காகத்தான்.

ஆணையத்தின் இந்தக் கொள்கை மீதான வழக்கு வேறு சில நிகழ்ச்சிகளை முன்வைத்து நீதிமன்றம் ஏறியது. 2010இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கொள்கை தெளிவற்றது என்று ரத்து செய்தபோது, ஒளிபரப்பாளர்கள் அஞ்சி ஒதுங்கியதற்குச் சான்றுகளில் ஒன்றாக இந்தப் படத்தையும் குறிப்பிட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம், நிலையங்களுக்கு முறையான முன்னறிவிப்பு இல்லை என்ற குறுகிய காரணத்தோடு நிறுத்திக்கொண்டு, பேச்சுரிமைக் கேள்வியைத் தொடவில்லை.

படத்தில் சொற்களின் மேல் ஒரு 'பீப்' ஒலியை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் ஒரு சிறு கருவியை அணிந்திருப்பார்கள். அணிந்தவர் அரை நிமிடம் அசையாதிருந்தால் அது கீச்சென்று அலறத் தொடங்கும், அவரைத் தேடி மற்றவர்கள் வர வேண்டும் என்பதற்காக. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஃபைஃபரின் தம்பி கெவினும் அவர்களில் ஒருவர். கோபுரங்கள் சரிந்த பிறகு, சாம்பல் மூடிய தெருக்களில் பதிவான காட்சிகளில், பேச்சு ஓய்ந்த இடங்களிலெல்லாம் அந்தக் கருவிகளின் கீச்சொலிதான் நாலாபக்கமிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறது. முதல் முறை கேட்டபோது, யாரோ எதையோ தணிக்கை செய்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.