அரையாண்டுத் தேர்வு இல்லாத வீட்டில் டிசம்பர்

டிசம்பர் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் சாயங்காலம் ஒரு பிள்ளையைக்கூட வெளியே பார்க்க முடியாது. அரையாண்டுத் தேர்வு. கிருஷ்ணகிரியில் பாதி வீடுகளில் டிவி கேபிளையே பிடுங்கி வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு இரண்டும் மட்டும் மொட்டை மாடியில் உட்கார்ந்து தட்டில் மண் போட்டு ராகி விதைத்துக்கொண்டிருக்கும். எதிர் வீட்டு அக்கா துணி எடுக்க மேலே வந்தால், "ஏம்மா, உங்க பசங்களுக்கு எக்ஸாமே கிடையாதா?" என்று கேட்பார். வருடா வருடம் இதே கேள்வி, இதே சிரிப்பு. பதிலும் அதேதான்: "இல்லக்கா, நாங்க வீட்லயே படிக்கிறோம்."

ஹோம்ஸ்கூலிங் பற்றிப் பொதுவாக எழுதப் போவதில்லை. ஆனால் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. "கிறிஸ்தவங்க, அதனாலதான் பிள்ளைங்கள வெளிய விடாம வெச்சிருக்காங்க" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி விசுவாசத்துக்காகவே வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் குடும்பங்கள் உண்டு, தவறென்று சொல்லமாட்டேன். எங்கள் கதை வேறு. என் வீட்டுக்காரர் வேலை செய்வது மாங்கூழ் ஆலையில். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சீசன். தோத்தாபுரி மாம்பழம் லோடு லோடாக வந்து இறங்கும், ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடும். பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த ஜூனில்தான். அவர் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், பிள்ளைகள் வரும்போது அவர் இருக்கமாட்டார். டிசம்பரில் ஆலையில் மெஷினைப் பிரித்து மாட்டுகிற வேலை மட்டும்தான், ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். எங்கள் வீட்டு நாட்காட்டியை முடிவு செய்வது கல்வித்துறை இல்லை, மாம்பழம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் படிப்பதைப் பற்றிப் பெயர் சொல்லி எதுவும் பேசுவதில்லை. மகளுக்கு 14 நிறைந்ததும் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதன் பொதுத் தேர்வுகள் ஏப்ரல்-மே ஒருமுறை, அக்டோபர்-நவம்பர் ஒருமுறை. ஆக, அங்கே போனாலும் டிசம்பரில் தேர்வு கிடையாது. எதிர் வீட்டு அக்காவிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

சரி, டிசம்பருக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் நானும் இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஹோம்ஸ்கூல் செய்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள், படம் போடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கென்றே தனிப் பாடத்திட்டம், அச்செடுத்துக்கொள்ள பயிற்சித் தாள்கள். பனிமனிதனை எண்ணிக் கூட்டு, கலைமானுக்கு வண்ணம் அடி, பைன் மரத்தில் இருக்கிற வார்த்தையைக் கண்டுபிடி. கிருஷ்ணகிரியில் பனிமனிதனுக்கு எங்கே போவது? இங்கே டிசம்பர் என்றால் விடிகாலைக் குளிர், ராகி அறுவடை, சந்தையில் மொச்சை அவரைக்காய் மூட்டை மூட்டையாக வருவது, வீட்டுக்கு வீடு பிதுக்குப் பருப்புக் குழம்பு. என் எண்ணம் இதுதான்: கிறிஸ்துமஸைப் பாடமாக்கி அதற்கு ஒர்க்‌ஷீட் போடுவது வீண். அந்த மாதத்தில் வீட்டில் உண்மையாகவே ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் போதும். விளையாட்டுக்குக் கொடுப்பதில்லை, அவர்கள் செய்யாவிட்டால் அந்த வேலை நடக்காது என்கிற மாதிரி முழுசாகக் கொடுக்க வேண்டும்.

ராகியையே எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு பிறந்த காட்சியைக் காட்டக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கிற குடிலில் புல் வேண்டும். கடையில் பச்சைக் காகிதம் விற்கிறது, ஆனால் எங்கள் மாமியார் வீட்டில் எப்போதும் ராகி முளைக்கவைத்துதான் புல்வெளி. அவர்கள் எலத்தகிரி பக்கம், ஊரில் எல்லாரும் அப்படித்தான். பன்னிரண்டாம் தேதி வாக்கில் விதைத்தால் இருபத்து நான்காம் தேதி குடிலில் வைக்கச் சரியாக இருக்கும். தட்டில் செம்மண்ணும் காய்ந்த சாணத்தூளும் கலந்து பரப்பி, ராகியை நெருக்கமாகத் தூவி, மேலே மண்ணை மெல்லிசாக மூடி, ஈரச்சாக்கைப் போட்டுவிட வேண்டும். முளை கண்டதும் சாக்கை எடுத்துவிடலாம். தண்ணீரைக் கையால்தான் தெளிக்கணும், ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். எறும்பு இழுத்துக்கொண்டு போகும், அதற்குத் தட்டைச் சுற்றி மஞ்சள் தூள்.

போன வருடம் மகன் ஒரு தட்டை மட்டும் முறத்தால் மூடி வைத்தான், ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்து விரல் நுழைகிற சந்து விட்டு. வெயிலில் இருந்த தட்டில் புல் குட்டையாக, கரும்பச்சையாக, நெருக்கமாக வந்தது. முறத்துக்கடியில் இருந்தது அதைவிட உயரம், ஆனால் வெளிறிப்போய் மஞ்சள், தண்டு நூல் மாதிரி, எல்லாமே அந்தச் சந்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. "அம்மா, இது ஜன்னலுக்கு வரிசையில நிக்குதும்மா" என்றான். வெளிச்சம் இல்லாவிட்டால் பச்சையம் உருவாகாது, வெளிச்சத்தைத் தேடி செடி அவசரமாக நீளும் என்று அவன் அக்கா விளக்கினாள். அவள் அதை ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் படித்தாளா, எட்டிலா என்று எனக்கே நினைவில்லை. மஞ்சள் புல்லையும் குடிலில் வைக்கவேண்டும் என்று அடம்பிடித்து, மாட்டுக்குப் பின்னால் வைத்தான். பெத்லகேமில் வைக்கோல் மஞ்சளாகத்தானே இருக்கும் என்பது அவன் வாதம்.

குடில் கூரைக்கு ராகித் தாள் மாமியார் ஊரிலிருந்து வந்துவிடும். உள்ளே வைக்கிற சொரூபங்கள், அதாவது சிலைகள், பழையவை, ஓர் ஆட்டுக்குக் காது கிடையாது. இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223-ல் அசிசி புனித பிரான்சிஸ் குடில் அமைத்ததுதான் இந்தப் பழக்கம் பரவக் காரணம் என்று சொன்னபோது, "அவர் ராகி போட்டாரா?" என்ற கேள்வி வந்தது. போட்டிருக்க வாய்ப்பில்லை.

பலகாரக் கணக்கு முழுக்க மகள் பொறுப்பு. அரிசி ஊறவைக்கிறதில் ஆரம்பித்து, எந்த வீட்டுக்கு எத்தனை என்பது வரை அவளுடைய நோட்டில்தான் இருக்கும். எங்கள் தெருவில் உருது பேசுகிற வீடுகள், தெலுங்கு பேசுகிற வீடுகள், கன்னட வீடு எல்லாம் உண்டு, எல்லாருக்கும் தட்டு போகவேண்டும். முட்டை சாப்பிடாத வீட்டுக்கு அச்சு முறுக்கு தரமுடியாது, அவர்களுக்கு அதிரசமும் தேன்குழலும் கூடுதல். இதைப் பிரித்துக் கணக்குப் போட்டு, ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, மொத்தம் எத்தனை கிலோ என்று திருப்பிக் கணக்குப் போடுவது எந்தப் புத்தகத்தின் விகிதக் கணக்கையும்விடக் கஷ்டம். ஏனென்றால் தப்பாகப் போட்டால் யாராவது ஒரு வீட்டுக்குக் குறையும்.

அச்சு முறுக்கு சுடுவதிலேயே ஒரு அறிவியல் வகுப்பு இருக்கிறது. அச்சை எண்ணெயிலேயே போட்டுக் காயவைத்து, மாவில் முக்கால் பங்குதான் முக்கவேண்டும். முழுசாக முங்கினால் மேலேயும் மாவு மூடிக்கொள்ளும், அப்புறம் எண்ணெயில் எவ்வளவு ஆட்டினாலும் கழன்று வராது. அச்சில் சூடு போதவில்லை என்றால் மாவு பிடிக்காது. எண்ணெய் புகைகிற அளவு காய்ந்தாலும் பிடிக்காது, சுர்ரென்று நழுவிவிடும். இது இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கவேண்டும் என்பதை எந்த அளவுகோலும் வைக்காமல் எண்ணெயின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு இன்னும் அந்தக் காது வரவில்லை.

எல்லாப் புத்தகத்தையும் மூடிவிடுவீர்களா என்று கேட்டால், இல்லை. காலையில் அரை மணி நேரம் கணக்கு உண்டு. கணக்கை ஒரு மாதம் விட்டால் ஜனவரியில் அழுதுகொண்டே ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அனுபவம். மற்றபடி ராத்திரி ஜெபத்தில் லூக்கா நற்செய்தி. அதில் 24 அதிகாரம் இருப்பதால் டிசம்பர் 1-லிருந்து 24 வரை நாளுக்கு ஒன்று வாசிக்கிற வழக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் இருக்கிறது. நல்ல வழக்கம்தான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் தேதியே இயேசு பிறந்துவிடுகிறார், 23-ம் தேதி சிலுவையில் அறைந்துவிடுகிறார்கள். வீடெல்லாம் நட்சத்திரமும் சீரியல் விளக்கும் எரிய, அடுக்களையில் பலகார வாசனை, நடுவில் உட்கார்ந்து இயேசு பட்ட பாடுகளை வாசிக்கிறோம். "பொறக்கறதுக்கு முன்னாடியே சாவறாரும்மா" என்று சின்னவன் முகம் சுருங்கிவிட்டது. மாற்றலாமா என்று யோசித்தேன். வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார். குடிலில் கிடக்கிற குழந்தை யார் என்று தெரிந்த பிறகு குடில் கட்டட்டுமே என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.

அந்த இரண்டாம் அதிகாரம் மட்டும் எங்களை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தது. நாசரேத்திலிருந்து பெத்லகேம் நேர்கோட்டிலேயே சுமார் 110 கிலோமீட்டர். ஏறக்குறைய இங்கிருந்து சேலம் போகிற தூரம். பஸ்ஸில் போயிருக்கிறார்கள், தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வளைவுகளில் மகனுக்கு வாந்தி வருவது வழக்கம். நிறைமாதக் கர்ப்பிணி அவ்வளவு தூரம் எப்படிப் போயிருப்பாள்? கழுதை என்று எல்லாப் படத்திலும் இருக்கிறது, லூக்காவில் தேடச் சொன்னேன். இல்லை. மூன்று ஞானிகள் என்கிறோமே, மத்தேயுவில் எண்ணிக்கை இருக்கிறதா பார் என்றேன். அதுவும் இல்லை, காணிக்கைதான் மூன்று: பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். இதைக் கொண்டுபோய் மறைக்கல்வி வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லி, சிஸ்டர் எனக்கு ஃபோன் செய்தது தனிக்கதை. கோபத்தில் இல்லை, சிரித்துக்கொண்டுதான்.

21-ம் தேதியை ஒட்டி மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சி நட்டு நிழல் அளப்போம். வருடத்திலேயே மிகக் குறைந்த பகல் அப்போதுதான். உச்சிவேளை நம் ஊருக்குச் சரியாகப் பன்னிரண்டுக்கு வராது, 12.15-ஐ ஒட்டித்தான் வரும். நம் கடிகாரம் கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். குச்சிக்கு நிழல் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விழும். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை.

23-ம் தேதி வாக்கில் பள்ளிக்கூடங்கள் விட்டுவிடும். அன்றோடு எங்கள் வீட்டிலும் எல்லாம் நிறுத்தம், கணக்கு உட்பட. ஹோம்ஸ்கூல் பண்ணுகிற சில நண்பர்கள், "எங்களுக்கு லீவே கிடையாது, வருஷம் முழுக்கக் கற்றல்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், கூட விளையாட ஆள்தான் கிடைக்காது. தெருவில் பிள்ளைகள் காலையிலிருந்து இருட்டுகிற வரை இருப்பது பெரும்பாலும் இந்தப் பத்து நாளும் கோடை விடுமுறையும்தான். கோடையில் அவருக்கு சீசன் ஆரம்பித்துவிடும். அதனால் இந்த அரையாண்டு விடுமுறையை, தேர்வே எழுதாத எங்கள் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட ஆவலாக எதிர்பார்க்கிறார்கள். எதிர் வீட்டுப் பையனுக்கு எந்தத் தேதியில் கடைசிப் பரீட்சை என்று மகன் சுவரில் எழுதி வைத்திருப்பான்.

24-ம் தேதி சாயங்காலம் நாத்தனார் குடும்பம் வந்து இறங்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து பிள்ளைகள் தூங்கும்போது மணி இரண்டு ஆகிவிடும். மறுநாள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது பிள்ளைகள் வேலை. 26-ம் தேதி கிருஷ்ணகிரி அணைக்குப் போவோம். பூங்காவில் கால் வைக்க இடமிருக்காது. வாசல் கடைகளில் பொரித்த மீனுக்கு நிற்கிற கூட்டம் அதைவிட அதிகம். அன்றைக்கு நான் எதையும் விளக்குவதில்லை. அணை கட்டிய வருடம், பாசனம், மதகு, ஒன்றும் கிடையாது. மீன் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாத்தனார் பிள்ளைகள் பையோடு வந்திருப்பார்கள். ஹாலிடே ஹோம்வொர்க். ஒவ்வொரு பாடத்திலும் பத்துப் பக்கம் எழுத வேண்டும், ஒரு சார்ட், ஒரு மாடல். எங்கள் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்க, அவர்கள் உள்ளே எழுதிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் பொறுக்கமுடியாமல் என் பிள்ளைகளே உட்கார்ந்து சார்ட்டுக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள், சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வெளியே வருவார்களே. போன வருடம் அந்தச் சார்ட்டுக்கு வகுப்பில் ஸ்டார் கிடைத்ததாம். அடித்தது யார் என்று டீச்சருக்குத் தெரியாது.

என் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். இந்த மாதம் எனக்கு ஓய்வே கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் அம்மாவுக்குப் பகலில் சில மணி நேரமாவது வீடு அமைதியாக இருக்கும். எனக்கு டிசம்பரில் பாடமும் பலகாரமும் விருந்தாளியும் ஒரே அடுப்பங்கரையில். "வீட்லதானே இருக்கீங்க, பசங்களும் வீட்லதானே" என்று சொல்லிக்கொண்டு அன்பிய (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) வேலையையும் கொண்டுவந்து என் தலையில் வைக்கிறவர்கள் உண்டு. இந்த முறை கேரல் குழுவுக்கு டீ போட்டுத் தருகிற பொறுப்பை அவரிடம் தள்ளிவிட்டேன். நன்றாகவே போடுகிறார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே நாங்களும் புத்தகத்தைத் திறந்துவிடுவோம், தெரு காலியானபின் சும்மா இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். இந்த வருடம் பொங்கல் வரை நீட்டவேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டி ஊரில் அவரைக்காய் பறிக்கப் போகவேண்டுமாம், அதுவும் பாடம்தானாம், நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். அவரும் அவள் கட்சி. கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போவதானால் சரி என்று சொல்லியிருக்கிறேன்.